வாட்ஸ்அப்பில் வணக்கம், வகுப்பில் மௌனம்

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி மொழி வகுப்புகளில் இணையவழிக் கலந்துரையாடலைத் தொடங்குவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

முதலாமாண்டு பகுதி 2 ஆங்கில வகுப்பில் 64 பேர். வகுப்பில் வாய் திறப்பது எப்போதும் அதே ஐந்தாறு பேர். மற்றவர்களையும் பேச வைக்கலாம் என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். காலை வணக்கப் படம், பிறந்தநாள் வாழ்த்து, 'நாளைக்கு லீவா சார்?' இதற்கு மேல் நகரவில்லை. எங்கே பிழை?
– ஆங்கிலத் துறை ஆசிரியர், பாளையங்கோட்டை

மாணவர்களிடம் பிழை இல்லை. வாட்ஸ்அப் குழு ஊர்ச் சாவடி மாதிரி. வருகிறவரும் போகிறவரும் ஒரே திண்ணையில் பேசுவார்கள். முந்தாநாள் பேசியதைத் தேடிப் பிடிப்பது கடினம். கலந்துரையாடலுக்கு இழை வேண்டும். மேலே ஒரு கேள்வி, அதன் கீழ் ஒருவரின் பதில், அந்தப் பதிலுக்கு அடியிலேயே அதற்கான மறுமொழி. வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நேர வரிசையில் கொட்டிவிடும். நாற்பதாவது ஆள் எழுதும்போது முதல் ஆள் எழுதியது எங்கோ மேலே போயிருக்கும். அதோடு, குழுவில் சேர்த்த கணமே ஒவ்வொரு மாணவியின் கைபேசி எண்ணும் மற்ற 63 பேருக்கும் தெரிந்துவிடுகிறது. பல வீடுகளில் இது ஒன்றே போதும், 'அந்தக் குழுவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்' என்று சொல்வதற்கு. வாட்ஸ்அப்பை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் மூடுல் என்ற இணைய வகுப்பு மென்பொருளை நிறுவியிருந்தால், அதில் மன்றம் என்ற கலந்துரையாடல் பக்கம் இருக்கும். அதில் 'கேள்வி-பதில்' வகையைத் தேர்ந்தெடுங்கள். தன் பதிலை இடும்வரை மற்றவர்கள் எழுதியது மாணவருக்குத் தெரியாது. இட்ட பிறகும் திருத்துவதற்கான அவகாசம் முடிந்தால்தான் தெரியும். இயல்பாக அது 30 நிமிடம். 'நான் இட்டுவிட்டேன், ஒன்றுமே தெரியவில்லையே' என்று முதல் வாரம் பத்துப் பேராவது கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூடுல் இல்லையென்றால் கூகுள் கிளாஸ்ரூமில் 'கேள்வி' என்ற வகை இருக்கிறது. அதில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதிலளிக்கலாம் என்ற அமைப்பை இயக்க வேண்டும். அங்கும் தன் பதிலை அளித்த பின்புதான் பிறர் பதில் திறக்கும்.

ஆனால் கருவியை மாற்றினால் மட்டும் காரியம் நடக்காது. 64 பேரை ஒரே இழையில் விட்டால், வகுப்பில் பேசும் அந்த ஐந்தாறு பேர்தான் அங்கேயும் பேசுவார்கள். எட்டு எட்டாக எட்டுக் குழு பிரியுங்கள். நாலு பேர் என்றால் இருவர் வராத வாரம் பேச்சு அறுந்துவிடும். பன்னிரண்டுக்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு கெடு வையுங்கள். புதன் இரவு 9 மணிக்குள் முதல் பதிவு, 80 முதல் 120 சொல். சனி இரவு 9 மணிக்குள் இரண்டு மறுமொழி, ஒவ்வொன்றும் 40 சொல்லுக்குக் குறையாமல். ஒரே கெடு வைத்தவர்கள் கண்டதெல்லாம் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு அறுபது பதிவுகள் வந்து விழுவதுதான். எல்லாரும் எழுதியிருப்பார்கள், எவரும் எவரையும் படித்திருக்க மாட்டார்கள். ஆனித் தேரோட்ட வாரத்தில் கெடுவே வேண்டாம். வைத்தாலும் நடக்காது.

முதல் வாரம் பாடத்தைத் தொடாதீர்கள். கில்லி சால்மன் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் 2000ஆம் ஆண்டில் இணைய வகுப்புக்கு ஐந்து படி சொன்னார். உள்ளே நுழைவது முதல் படி, ஒருவரோடொருவர் பழகுவது இரண்டாவது. தகவல் பரிமாற்றமும் சேர்ந்து சிந்திப்பதும் அதற்குப் பிறகுதான். நம்மவர்கள் நேரே நாலாம் படியில் கால் வைத்துவிட்டு வழுக்குகிறது என்கிறார்கள். தொடக்கத்துக்கு இப்படி ஒன்று போதும்: 'திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். எந்த பஸ், எங்கே இறங்குவது, யாரிடம் விசாரிப்பது? ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.' தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயம் இதில் குறைவு. மறுமொழி எழுதுபவரும் 'அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை கிடையாதே' என்று உண்மையாகவே கேட்க முடியும்.

நீங்கள் எப்போது உள்ளே வருவது என்பதும் முக்கியம். முதல் 24 மணி நேரம் வாயைத் திறக்காதீர்கள். ஆசிரியர் கருத்துச் சொன்னதும் இழை மூடிக்கொள்ளும். 'சார் சொல்லிட்டாங்க, இனி நாம என்ன சொல்ல?' அதன் பின் குழுவுக்கு வாரம் இரண்டு பதிவுக்கு மேல் வேண்டாம். அதுவும் தீர்ப்பாக இல்லாமல் கேள்வியாக இருக்கட்டும்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 64 பேர், ஆளுக்கு மூன்று பதிவு, வாரம் 192. அத்தனையும் படிக்க முயன்று மூன்றாம் வாரம் கைவிட்டவர்கள் நிறைய. வாரம் மூன்று குழுவை மட்டும் முழுதாகப் படியுங்கள்: 72 பதிவு, பதிவுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒன்றேகால் மணி நேரம். மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு குழுவிலும் வாரம் ஒருவர் தொகுப்பாளர். குழுவில் என்ன பேச்சு நடந்தது, எதில் ஒத்துப்போகவில்லை என்று ஐந்து வரி எழுதித் தருவார். மற்றக் குழுக்களுக்கு நீங்கள் அதைப் படித்தால் போதும். எட்டு வாரத்தில் எட்டுப் பேருக்கும் முறை வந்துவிடும்.

திங்கட்கிழமை வகுப்பில் 15 நிமிடம் அந்தப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். இணையத்தில் எழுதியது வகுப்புக்குத் திரும்பி வராவிட்டால், வீட்டுப்பாடம் ஒன்று கூடிவிட்டது என்றுதான் மாணவர் நினைப்பார்.

வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். பகலில் அண்ணன் கொண்டுபோய்விடுவான். இரவில் அம்மா பீடி சுற்றி முடித்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். நெட்டும் அன்றைக்குள் தீர்ந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு மதிப்பெண் போய்விடாதா?
– இரண்டாமாண்டு மாணவி, ஆலங்குளம்

போகக் கூடாது. போனால் அமைப்பில்தான் கோளாறு. 'இன்று இரவு 8 மணிக்கு எல்லாரும் ஆன்லைனுக்கு வாருங்கள்' என்று ஒரே நேரத்தில் கூட்டுவது உங்கள் மாதிரி வீடுகளுக்கு ஒத்துவராது. கேள்வி வெளியான நேரத்திலிருந்து முதல் பதிவுக்கு 48 மணி நேரமாவது விட வேண்டும் என்று உங்கள் ஆசிரியரிடம் துணிந்து கேளுங்கள்.

டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம், எழுத்தாக மட்டும் அனுப்பினால். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு வழக்கமாக 3 பைட். 100 சொல் கொண்ட பதிவு மூன்று கிலோபைட்டுக்குள் அடங்கும். நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் அதுவே இரண்டு மூன்று எம்பி, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. பகலில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, போன் கைக்கு வந்ததும் தட்டச்சு செய்து இடுங்கள். பத்து நிமிட வேலைதான். படமும் குரல் பதிவும் கட்டாயம் என்று எந்த ஆசிரியரும் வைக்கக் கூடாது. அதை அவர்களுக்குச் சொல்கிறோம். நூலகக் கணினியில் வகுப்பு முடிந்து அரை மணி நேரம் தரச் சொல்லித் துறைத் தலைவரிடம் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற நேரமாகக் கேளுங்கள்.

பகுதி 1 தமிழ் வகுப்பில் 'இக்கவிதையின் நயத்தைப் பாராட்டுக' என்று கேள்வி போட்டேன். முதலில் ஒருவர் எழுதினார். மற்றவர்கள் அதையே முன்னும் பின்னும் மாற்றி எழுதிவிட்டார்கள். மறுமொழியெல்லாம் 'அருமை', 'தங்கள் கருத்து சிறப்பு'. தமிழில் கலந்துரையாடலுக்கு இடமே இல்லையா?
– தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர், சங்கரன்கோவில்

இருக்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் இல்லை. நயம் பாராட்டச் சொன்னால் எல்லாரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள், நடுவில் யாரோடு முட்டுவது? இரண்டு நேர்மையான ஆட்கள் இரண்டு விடை சொல்லக்கூடியதாகக் கேள்வி இருக்க வேண்டும். சான்று மாணவரின் கையிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் கைடு புத்தகத்தில் இருந்தால் அங்கிருந்துதான் வரும். கடைசியில் 'இதுவா அதுவா' என்று ஒரு பக்கம் சாயவும் வைக்க வேண்டும்.

ஐந்திணை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பாலைத்திணை விளக்குக' என்றால் பழைய கதைதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலைப் பாலை எனலாமா? அங்கே பனையும் முந்திரியும் இருக்கின்றனவே. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால்தான் பாலை என்பதை இதற்குப் பொருத்த முடியுமா?' திசையன்விளைப் பக்கத்து மாணவர் ஒன்று சொல்வார், கடையத்துக்காரர் வேறு சொல்வார். மலையும் காடும் வயலும் கடலும் அரை நாள் பஸ் தூரத்துக்குள் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு திணையைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருப்பது வீண்.

மொழிபெயர்ப்புக் கேள்விகள் இன்னும் நன்றாகப் பிடிக்கும், தமிழ்த் துறைக்கும் சரி, ஆங்கிலத் துறைக்கும் சரி. 'மளிகைக் கடைக்காரரை அண்ணாச்சி என்கிறோம். ஆங்கிலக் கதையில் அதை அப்படியே விடுவதா, பிரதர் என்பதா, மிஸ்டர் என்பதா?' இல்லாவிட்டால் இது: 'வாசல்படி இறங்கும்போது வாரேன் என்கிறோம். போகிறவர் வருகிறேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?' இவற்றுக்கு ஒரே சரியான விடை கிடையாது. ஆனால் தவறான விடை உண்டு. விவாதம் அந்த இடைவெளியில்தான் பிறக்கும்.

'அருமை' நோய்க்கு மருந்து விதிதான். மறுமொழியில் நண்பர் எழுதிய ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து மேற்கோளாகப் போட வேண்டும். பிறகு மூன்றில் ஒன்று: அதற்கு இன்னொரு சான்று தரலாம், ஏன் ஒப்பவில்லை என்று சொல்லலாம், அல்லது விடை தெரியாத ஒரு கேள்வி கேட்கலாம். பாராட்டு தாராளமாக வரட்டும். 40 சொல் கணக்கில் சேராது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் வாரத்துக்குள் 'அருமை' தானாக உதிரும்.

கணினி ஆய்வகத்தில் மாணவர்கள் வேர்டில் தமிழில் அடித்து மன்றத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் கூளமாக வருகிறது. ஏன்?
– விரிவுரையாளர், தென்காசி

ஆய்வகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அதில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் கணினி சேமித்து வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகளைத்தான். எழுத்துரு போனதும் சாயம் வெளுத்துவிடும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். விசைப்பலகைக்குத் தமிழ்99 நல்லது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியது. உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். ஒரு வாரம் தினம் 20 நிமிடம் பழகினால் கை பிடிபடும். பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் கொம்புகளையும் ஒற்றுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

மாணவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் வரிக்கு இரண்டு பிழை. திருத்தாமல் விட்டால் அதுவே பழகிவிடாதா? திருத்தினால் அடுத்த வாரம் எழுதுவதே இல்லை.
– ஆங்கில ஆசிரியை, வள்ளியூர்

இரண்டு பயமும் சரியானவைதாம். 1995இல் ரிச்சர்டு கெர்ன் அமெரிக்காவின் பெர்க்லியில் பிரெஞ்சு கற்கும் மாணவர்களை வைத்து ஒப்பிட்டார், ஒருமுறை நேரில் பேசவிட்டும் ஒருமுறை வலைப்பின்னலில் இணைத்த கணினிகளில் தட்டச்சிப் பேசவிட்டும். கணினியில் மாணவர்கள் பேச வாய்ப்பெடுத்த தடவைகள் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இலக்கணச் சுத்தத்துக்கு இது ஏற்ற வழியல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனால் வாய் திறக்க வைப்பது மன்றத்தின் வேலை, சுத்தம் செய்வது வகுப்பின் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இழைக்குள் சிவப்பு மையோடு போகாதீர்கள். ஏழு பேர் பார்க்க ஒருவரைத் திருத்துவது வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பது போலத்தான். சொல்லப்போனால் அதைவிட மோசம், அழியாமல் அங்கேயே இருக்கும். மாணவர் 'வி டிஸ்கஸ்ட் அபௌட் த ஸ்டோரி' என்று எழுதினால், உங்கள் பதிவில் 'யெஸ், வென் யூ டிஸ்கஸ்ட் த ஸ்டோரி...' என்று சரியான வடிவத்தை இயல்பாகப் பயன்படுத்திவிட்டுக் கேள்விக்குப் போய்விடுங்கள். கவனிக்கிறவர் கவனிப்பார்.

வாரம் ஐந்து வாக்கியம் பொறுக்கி, பெயர் இல்லாமல், அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித் திங்கள் வகுப்பில் பலகையில் எழுதுங்கள். நாலு பிழை, ஒன்று சரியானது. எது சரி என்று இருவர் இருவராகக் கண்டுபிடிக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும். நம் பக்கத்தில் அதிகம் வருபவை உங்களுக்கே தெரியும்: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ரிட்டர்ன் பேக்', தமிழில் 'தான்' வருகிற இடமெல்லாம் 'ஒன்லி'. இவை சோம்பேறித்தனத்தால் வருபவை அல்ல. தமிழ் வாக்கியத்தின் எலும்பு ஆங்கிலத் தோலுக்குள் தெரிகிறது, அவ்வளவுதான். தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

பொருளே புரியாமல் போகிற பிழை என்றால் மட்டும் இழையிலேயே கேளுங்கள், 'நீங்கள் சொல்ல வந்தது இதுவா?' என்று.

சாட்ஜிபிடியில் எழுதி ஒட்டுகிறார்கள். கண்டுபிடிக்கும் மென்பொருள் எதை வாங்கலாம்?
– கல்லூரி முதல்வர், அம்பாசமுத்திரம்

எதையும் வாங்க வேண்டாம். 2023இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் இத்தகைய மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் 'இயந்திரம் எழுதியது' என்று அவை குற்றம் சாட்டின. எளிய சொல், எளிய வாக்கியம் என்றால் அவற்றுக்குச் சந்தேகம். நம் மாணவர்கள் எழுதுவது அப்படித்தானே? திருடாதவரைத் திருடர் என்பதற்குப் பணம் கொடுப்பானேன்?

வேறு வழி இருக்கிறது. கேள்வி வகுப்பில் அன்று நடந்ததையோ மாணவரின் ஊரையோ தொட்டிருந்தால் இயந்திரத்துக்கு அது தெரியாது. மறுமொழியில் நண்பரின் வாக்கியத்தை மேற்கோள் காட்டும் விதி இங்கும் உதவும். வாரம் நாலு பேரை அழைத்து, அவர்கள் எழுதியதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். யார் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். தானே எழுதியவர் தடுமாறினாலும் பேசிவிடுவார்.

அகமதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் தரலாம்?
– ஆசிரியர், சேரன்மகாதேவி

25இல் 5. அதற்குக் குறைந்தால் மதிக்க மாட்டார்கள், கூடினால் நடிப்பார்கள். வாரத்துக்கு ஒன்று: முதல் பதிவு கெடுவுக்குள் வந்தால் அரை, மறுமொழிகள் விதிப்படி இருந்தால் அரை. எட்டு வாரத்தில் சிறந்த ஐந்தை எடுங்கள். காய்ச்சல், வீட்டு விசேஷம், போன் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் அந்த மூன்று வாரம் ஈடு. இலக்கணப் பிழைக்கு இதில் கை வைக்காதீர்கள்.

குழுவை மாணவர்களே சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டேன். ஒரு குழுவில் சண்டை மூண்டு, துறைத் தலைவர் வரை போய்விட்டது.
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர், நாங்குநேரி வட்டம்

மாணவர் விருப்பத்துக்கு விட்டால் ஒரே ஊர், ஒரே பஸ், கடைசியில் ஒரே சாதி என்றுதான் சேரும். பிறகு ஒரு குழு இன்னொரு குழுவைப் பார்த்து எழுதத் தொடங்கும். நம் பக்கத்து நிலவரம் தெரிந்துகொண்டு இதில் தாராளம் காட்டக் கூடாது. வருகைப் பதிவேட்டில் 1, 9, 17, 25 என்று எட்டு எட்டாகத் தாண்டி எண்ணிப் பிரியுங்கள். எல்லார் முன்னாலும் எண்ணினால் 'வேண்டுமென்றே போட்டார்' என்ற பேச்சு வராது. நாலு வாரம் கழித்து ஒருமுறை மாற்றலாம்.

விதிகளை முதல் நாளே எழுதி மாணவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். கருத்தை மறுக்கலாம், ஆளைப் பேசக் கூடாது. ஊர், சாதி, மதம், உடம்பு, ஒருவர் பேசும் ஆங்கிலம் ஆகியவை கேலிக்கு உரியவை அல்ல. இழையைப் படம் பிடித்து வெளியே பரப்பக் கூடாது. மீறல் நடந்தால் முதலில் நீங்கள் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பதிவை நீக்குங்கள், பிறகு ஆளைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் நீக்கிவிட்டால் 'நான் அப்படி எழுதவே இல்லை' என்பதோடு விசாரணை முடிந்துவிடும். பதிலுக்கு இழையிலேயே கண்டித்து எழுதினால் மற்ற ஏழு பேரும் பக்கம் பிரிந்து நிற்பார்கள்.

தமிழ் மன்றத்தில் நாங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாமா? 'பைய', 'வெள்ளென' என்றெல்லாம் எழுதினால் ஐயா ஒன்றும் சொல்ல மாட்டார்களா?
– முதலாமாண்டு மாணவர், களக்காடு

ஐயா ஒன்றும் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. கலந்துரையாடல் தேர்வுத்தாள் இல்லை. முதல் பதிவு பொதுத்தமிழில் இருக்கட்டும், அது எழுத்துப் பயிற்சி. மறுமொழியில் பேச்சு வழக்குக்குத் தடை வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் குழுவில் தூத்துக்குடிக் கடற்கரைக்காரரும் சென்னையிலிருந்து வந்து படிப்பவரும் இருக்கலாம். அவர்களுக்குப் புரியாத சொல் வந்தால் கேட்க உரிமை உண்டு, நீங்கள் விளக்கவும் வேண்டும். 'வெள்ளென வந்துரு' என்றால் சீக்கிரம் வா என்பதா, விடியற்காலையில் வா என்பதா என்று உங்கள் தெருவுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும். அதையே ஒரு வாரக் கேள்வியாக வைக்கச் சொல்லி ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்று கவனம்: வட்டாரச் சொல்லைக் குரல்வழித் தட்டச்சில் சொல்லாதீர்கள், அது தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிடும். அந்த இடத்தை மட்டுமாவது கையால் அடித்து, இடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.